நாய் விற்ற காசு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் டிசைனர் கலப்பின நாய்களைப் பற்றி, அதாவது இரண்டு இனங்களை வேண்டுமென்றே சேர்த்துப் பிறக்க வைத்துப் புதுப் பெயரில் விற்கும் நாய்களைப் பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். கூடைக்குள் உட்கார்ந்திருந்த அந்தச் சுருள்முடிக் குட்டியின் படம் அழகாகத்தான் இருந்தது. அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் ஐந்து வருடத்துக்கு முன் நாங்களும் மயங்கினோம். எங்களுடையது லாப்ரடூடுல், லாப்ரடாரும் பூடிலும் சேர்ந்த கலப்பு. பெயர் பஞ்சு. இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது. அதனால் நாயே பிடிக்காத யாரோ எழுதிய கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கட்டுரையில் இருந்த ஒரு வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ‘ஒவ்வாமை உள்ளவர்களும் தைரியமாக வளர்க்கலாம்.’ எங்களுக்குக் குட்டி விற்றவரும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு என்று சொல்லியே கேட்டோம். “பூடில் ரத்தம் இருக்கு, முடி கொட்டாது, தும்மல்கூட வராது” என்றார். குட்டி வந்த பத்தாம் நாளே இன்ஹேலர் வெளியே வந்தது. போன் செய்தோம். “ஒரு மாசத்துல பழகிடும்” என்றார். ஒரு மாதம் கழித்துச் செய்தபோது அவர் எடுக்கவே இல்லை.

பிறகு மருத்துவர் விளக்கிச் சொன்னதுதான் எனக்குப் புரிந்தது. முடி வெறும் வண்டி, அவ்வளவுதான். ஒவ்வாமையைக் கிளப்புவது நாயின் எச்சிலிலும் உதிரும் தோல்துகளிலும் இருக்கும் புரதங்கள். கேன் எஃப் 1 என்று ஒன்றுக்குப் பெயர். முடி கொட்டாத நாய்க்கும் எச்சில் உண்டு, தோலும் உண்டு. ‘ஒவ்வாமை தராத’ இனங்கள் என்று விற்கப்படும் நாய்களின் முடியை நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். அந்த நாய்களில் இந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை. சிலருக்குச் சில நாய்கள் ஒத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அது அந்த ஆளையும் அந்த நாயையும் பொறுத்தது. இனத்தின் பெயரை வைத்து யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

லாப்ரடூடுல் பிறந்த கதையே இதைத்தான் சொல்கிறது. கட்டுரை அதில் பாதியோடு நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்க்கும் அமைப்பில் இருந்த வாலி கான்ரன், 1980-களின் கடைசியில் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும், அவர் கணவருக்கோ நாய் முடி ஒவ்வாது. மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி! ஒரே வயிற்றில் பிறந்த மற்ற இரண்டும் தேறவில்லை. ஆக, முதல் ஈற்றிலேயே விஷயம் தெரிந்துபோனது.

மிச்சக் குட்டிகளை என்ன செய்வது? வழிகாட்டி நாய்க்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த யாருக்கும் கலப்பு நாய் வேண்டியிருக்கவில்லை. கான்ரன் அதற்கு ‘லாப்ரடூடுல்’ என்று பெயர் சூட்டிப் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுக்க வைத்தார். நேற்றுவரை யாரும் சீண்டாத அதே குட்டிக்கு அடுத்த நாளிலிருந்து போன் மேல் போன். நாய் மாறவில்லை, பெயர் மட்டும்தான் வந்து சேர்ந்தது. மரபணு நோய்களைப் பார்க்காமல் கண்டபடி இனப்பெருக்கம் செய்து விற்கிறவர்களைப் பார்த்து, இதைத் தொடங்கி வைத்ததே தன் வாழ்க்கையின் வருத்தம் என்று 2019-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

அப்புறம், ‘கலப்பு என்றால் ஆரோக்கியம்’ என்ற பேச்சு. இது முழுப் பொய் இல்லை, அதனால்தான் நன்றாக விற்கிறது. இரண்டு இனங்களின் நோய்கள் வேறுவேறாக இருந்தால் கலப்பு உதவும். லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரும், பூடிலுக்கும் வரும். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக் கண் தெரியாமலே போகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் ஒரே மாதிரியான மரபணுப் பிழை இந்த இரண்டு இனங்களிலும் இருக்கிறது. தாயும் தகப்பனும் வெளியே தெரியாமல் அதைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் அந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதைக் கண்டுபிடிக்க நாயின் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுத்து அனுப்பினால் போதும். எங்களுக்கு விற்றவரிடம் பரிசோதனை முடிவு கேட்டபோது, “கிராஸுக்கு அதெல்லாம் தேவையே இல்லைங்க” என்றார். பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2024-ல் வெளியிட்ட ஆய்வில் காக்கபூ (காக்கர் ஸ்பானியலும் பூடிலும்), லாப்ரடூடுல், கேவபூ (கேவலியர் ஸ்பானியலும் பூடிலும்) என்ற மூன்று கலப்புகளையும் அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டார்கள். 57 வகை நோய்களைப் பார்த்ததில் சுமார் 87 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை. மிச்சத்தில் சில கூடுதல், சில குறைவு. பயப்படவும் ஒன்றுமில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை.

முடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை யாரும் சொல்வதில்லை. பஞ்சுவுக்கு மேலே பூடில் சுருள், அடியில் லாப்ரடாரின் மென்முடி. அடிமுடி உதிர்கிறது, ஆனால் சுருளுக்குள் மாட்டிக்கொண்டு கீழே விழுவதில்லை. நான்கு நாள் சீப்பு போடாவிட்டால் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சடை பிடித்துக் கம்பளி மாதிரி கெட்டியாகிவிடும். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. மேலாக வாரிவிட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மொத்தமாக மழித்தபோது அடியில் தோல் புண்ணாகிக் கிடந்தது. ‘பராமரிப்பே வேண்டாம்’ என்று வாங்கிய நாய்!

இதைப் படித்துவிட்டுத் தூய இனக்காரர்கள் மகிழ வேண்டாம். மூக்கை அமுக்கி அமுக்கி ‘பக்’, ‘புல்டாக்’ இன நாய்களை மூச்சுவிடத் திணற வைத்தது கலப்பு இல்லை. நோயுள்ள இனம் என்பதால் கேவலியர் நாய்களை இனப்பெருக்கம் செய்வது சட்டவிரோதம் என்று நார்வே உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. இன்றைக்குத் தூய இனமாக நிற்கும் டாபர்மேனும் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பல நாய்களைக் கலந்து உருவானதுதான்.

கலப்பதில் எனக்குத் தகராறு இல்லை. வழிகாட்டி நாய் அமைப்புகள் பலவும் இன்றும் லாப்ரடாரையும் கோல்டன் ரிட்ரீவரையும் வேண்டுமென்றே சேர்க்கின்றன. ஆனால் அவர்கள் பெற்றோரின் மூட்டையும் கண்ணையும் சோதிக்கிறார்கள், குட்டி வளர்ந்து என்ன ஆகிறது என்று குறித்து வைக்கிறார்கள், தேறாத நாய்க்கு வேறு வீடு பார்க்கிறார்கள். பிறக்க வைத்த உயிருக்குக் கடைசிவரை பொறுப்பு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். எங்களுக்கு விற்றவருக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

எனக்கு இன்றும் உறுத்துவது என் தவறு ஒன்று. பஞ்சுவின் தாயை நான் பார்க்கவில்லை. “அலைச்சல் எதுக்கு, நானே கொண்டுவந்து தர்றேன்” என்றார், சரி என்று விட்டுவிட்டேன். அந்தத் தாய்க்கு என்ன வயது, அது எத்தனையாவது ஈற்று, கூண்டை விட்டு வெளியே வந்ததுண்டா, எதுவும் தெரியாது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் இடைத்தரகர்கள் வியாபாரமாகக் குட்டி விற்கத் தடை இருக்கிறது. வாங்குகிறவர் குட்டியைப் பிறந்த இடத்தில் தாயோடு பார்க்க வேண்டும். லூசியின் சட்டம் என்று அதற்குப் பெயர். வரிசையாகக் குட்டி போட வைத்து உடம்பு சிதைந்துபோன ஒரு தாய் நாயின் பெயர் அது.

என் மகள் இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். பஞ்சுவுக்கு அவள் அறைக்குள் அனுமதி இல்லை, வாசலில் படுத்துக்கொள்ளும். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தபோது அழுது தீர்த்தவளும் அவள்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, குட்டியின் படத்துக்குப் பக்கத்தில் அதன் தாயின் படத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தரவில்லை என்றால், தரவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பஞ்சுவை வளர்க்கும் ஒரு வாசகி