பேரம் பேசத் தெரிந்தவன் கெரால்ட்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், பூதவேட்டைக்காரன் கெரால்டின் கதையான 'விட்சர்' பற்றிய கட்டுரை படித்தேன். வீடியோ கேம், நெட்ஃப்ளிக்ஸ் தொடர் எல்லாம் விரிவாக இருந்தது, சரி. ஆனால் கதையை எழுதிய ஆந்த்ஷேய் சப்கோவ்ஸ்கியை 'காசு போதாமல் கேஸ் போட்டவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

போலந்தின் வூச் நகரத்துக்காரர், பொருளாதாரம் படித்துவிட்டு வெளிநாட்டு வணிகத்தில் விற்பனை வேலை பார்த்தவர். மகன் ஆசையாகப் படித்த 'ஃபன்டாஸ்டிகா' இதழின் போட்டிக்கு எழுதியதுதான் முதல் விட்சர் கதை. 1986 டிசம்பரில் வெளிவந்தது. கிடைத்தது மூன்றாம் பரிசு, அப்போது வயது 38.

கரு, ஸ்ட்ஷிகா என்ற பேய் பற்றிய பழைய போலந்துக் கதை. இறந்த இளவரசி ராத்திரியில் கல்லறைப் பெட்டியிலிருந்து எழுந்து ஆளைத் தின்கிறாள், சேவல் மூன்றாம் முறை கூவும்வரை அவளைத் திரும்பப் படுக்கவிடாமல் தடுத்தால் சாபம் தீரும். கெரால்ட் என்ன செய்கிறான் தெரியுமா? சண்டை போட்டுக் களைத்து, அவளுடைய பெட்டிக்குள்ளேயே போய்ப் படுத்து மூடியை இழுத்துக்கொள்கிறான். நாட்டுப்புறக் கதைகளில் பூதத்தைக் கொல்பவன் ஏழைச் செருப்புத் தைப்பவனாகவோ அப்பாவி இளவரசனாகவோ இருப்பான், சப்கோவ்ஸ்கி அதைக் கூலிக்குச் செய்யும் தொழிலாக்கினார். மூவாயிரம் ஓரன் (கதையில் வரும் நாணயம்) தருவதாக அறிவிப்பு பார்த்துத்தான் கெரால்டே ஊருக்குள் வருகிறான். வியாபாரத்தில் இருந்தவர் எழுதியது என்று அங்கேயே தெரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், அப்படிப்பட்டவர் தன் விஷயத்தில் கோட்டை விட்டார். கேம் ஓடும் என்று நம்பாமல், லாபத்தில் பங்கு வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை போதும் என்று கேமைத் தயாரித்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டார். முதல் கேம் 2007-இல் வந்தது, அப்புறம் அது சக்கைப்போடு போட்டது ஊரறிந்த கதை. ஆனால் போலந்தின் பதிப்புரிமைச் சட்டம் 44-ஆம் பிரிவில், படைப்பாளிக்குக் கிடைத்தது வாங்கியவரின் லாபத்தோடு ஒப்பிட மிகக் குறைவாக இருந்தால் அவர் கூடுதலாகக் கோரலாம் என்றே இருக்கிறது. அதை வைத்துத்தான் 2018-இல் குறைந்தது 6 கோடி ஸ்லோட்டி (போலந்துப் பணம்) கேட்டு வக்கீல் கடிதம் அனுப்பினார். கோர்ட்டுக்குப் போகாமலே 2019 டிசம்பரில் இரு தரப்பும் புதிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்டவரைப் பேராசைக்காரர் மாதிரி காட்டுவது என்ன நியாயம்?

இன்னொன்று, 2024-இல், 76 வயதில், கெரால்டின் இளமைக்காலத்தை வைத்துப் புது நாவல் எழுதியிருக்கிறார் மனிதர். அதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்