கெப்ளர் ஐயா, உங்கள் அம்மாவைப் பற்றி

கெப்ளர் ஐயா,

இன்று செப்டம்பர் 28. 1621இல் இதே நாளில் உங்கள் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இயற்பியல் வகுப்பில் கோள்கள் சூரியனைச் சுற்றுவது பற்றிய உங்கள் மூன்று விதிகளையும் நடத்துகிறவள் நான். இந்த வருஷம் மூன்றாம் விதியோடு சேர்த்து சூனியக்காரி என்று வழக்கில் சிக்கிய உங்கள் அம்மா கத்தரீனாவைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். இதுவரை சொன்னதில்லை, மன்னியுங்கள். பாடம் முடிக்கவே நேரம் போதாது, பாடப்புத்தகத்திலும் நீங்கள் எப்போதும் தனியாகத்தானே வருகிறீர்கள்?

அம்மா கொடுத்த கஷாயத்தால்தான் நோய் வந்தது என்று உர்சுலா ரைன்போல்டு புகார் சொன்னது, அம்மா தன் அப்பாவின் மண்டையோட்டைக் கேட்ட கதை எல்லாம் நீங்கள் அறிந்ததே, விட்டுவிடுகிறேன். என்னை விடாமல் பிடித்திருப்பது 1621இல் ஜெர்மனியின் கூக்லிங்கன் ஊரில் நடந்த அந்த ஒரு நாள்தான். டூபிங்கன் பல்கலைக்கழகச் சட்ட அறிஞர்கள் சித்திரவதை வேண்டாம், கருவிகளைக் காட்டி மிரட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். எழுபதைத் தாண்டிய கிழவி, ஒரு வருஷத்துக்கும் மேல் சங்கிலியில் கிடந்தவர், எதிரே மரண தண்டனை நிறைவேற்றுபவன் ஒவ்வொரு கருவியாக எடுத்துக் காட்டி, இது உடம்பை என்ன செய்யும் என்று விளக்குகிறான். என் உடம்பிலிருந்து நரம்பு நரம்பாக உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை என்றார் அவர். அப்புறம் மண்டியிட்டு ஜெபம் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத பெண், ஐயா. நீங்கள் மாதக்கணக்கில் தயாரித்த வாதத்தை அவர் அந்த ஒரு வரியில் முடித்துவிட்டார்.

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆஸ்திரியாவின் லின்ஸில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு வந்தீர்கள். பாட்டி பெயரே கொண்ட உங்கள் மகள், குழந்தை கத்தரீனா, 1618 பிப்ரவரியில் இறந்துபோனாள், அம்மாவைச் சூனியக்காரி என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது, அதற்கு நடுவில் மே 15ஆம் தேதி மூன்றாம் விதி உங்களுக்குப் பிடிபட்டது. எப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டீர்கள் என்று நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1620 ஆகஸ்டில் உங்கள் தங்கை வீட்டிலிருந்து அம்மாவைத் துணிப்பெட்டிக்குள் வைத்து ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப்போனார்களே, அந்தச் செய்தி கிடைத்ததும் எப்படிப் பதறியிருப்பீர்கள்! குற்றம் சாட்டப்பட்டவர் துரதிர்ஷ்டவசமாகத் தன் மகனோடு வந்திருக்கிறார் என்று நீதிமன்றக் குறிப்பே எழுதியது. அந்த ஒரு வார்த்தைக்காக உங்களைக் கும்பிடலாம்.

ஆனால் அதே கையால் இளவயதில் குடும்ப ஜாதகக் குறிப்பில் அம்மாவைப் பற்றி என்ன எழுதினீர்கள்? சின்ன உருவம், ஒல்லி, கறுப்பு, வம்புக்காரி, சண்டைக்காரி. இதையேதான் ஐயா ஊரும் சொன்னது. வாய் நீண்ட, தனியாக வாழும், மூலிகை தெரிந்த கிழவி என்றால் மிச்சத்தை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் எழுதிய நிலவுப் பயணக் கதையில் பேயோடு பேசும் ஒரு தாயை வைத்துவிட்டு, அதனால்தான் வதந்தி கிளம்பியதோ என்று பின்னால் நீங்களே பயந்தீர்கள். என் வீட்டிலும் அப்படி ஒரு கிழவி இருந்தார், அவரைப் பற்றியும் பேசினார்கள். யார் பேசினார்கள் என்று இங்கே எழுத மாட்டேன், சொந்தக்காரர்கள் படிப்பார்கள்.

சூனிய வேட்டை என்றாலே இடைக்காலம் என்று சொல்லி எல்லோரும் கடந்துவிடுகிறார்கள். அது உச்சத்தில் இருந்தது 1560 முதல் 1630 வரை, தொலைநோக்கி வந்த அதே காலத்தில். ஐரோப்பா முழுக்க 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டதாகச் சொல்கிறார்கள். உங்கள் வாதத்திலும் சூனியக்காரிகளே கிடையாது என்று நீங்கள் எழுதவில்லை, என் அம்மா சூனியக்காரி இல்லை என்றுதான் எழுதினீர்கள். சூனியக்காரிகளே இல்லை என்று எழுதியிருந்தால் வழக்கே கவிழ்ந்திருக்கும், எனக்கும் புரிகிறது. அம்மாவைக் காப்பாற்ற வந்த மகனிடம் ஊரையே காப்பாற்று என்று கேட்பது நியாயமில்லை. ஆனாலும் உர்சுலா ரைன்போல்டின் நோய்க்கு அவளுடைய பழைய வாழ்க்கைதான் காரணம் என்று எழுதிய இடத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவளும் வலியில் துடித்த பெண்தானே?

அம்மா விடுதலையாகி வெளியே வந்து ஆறு மாதத்தில், 1622 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். அம்மா வாழ்ந்த ஊரான லியோன்பெர்கில் லூதெருஸ் ஐன்ஹார்ன் அதிகாரியாக இருந்த காலத்தில் 15 பெண்கள் மீது குற்றம் சாட்டினார், 8 பேருக்கு மரண தண்டனை. அவர்களுக்கு அரசவைக் கணிதவியலாளர் மகனாகப் பிறக்கவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் இதையும் சொல்லப்போகிறேன், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.