பழைய சிப்செட் போர்டைப் புதுசு என்று விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் பிள்ளைகள் படிப்புக்காகக் குறைந்த செலவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கேட்டால், சில கடைகளில் எச்61 மதர்போர்டை (எல்லா பாகங்களும் இணையும் பலகை) 'புதுசு' என்று கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். எச்61 என்பது 2011-இல் வந்த சிப்செட், அதாவது ப்ராசசரையும் மற்ற பாகங்களையும் இணைத்து நடத்தும், போர்டிலுள்ள சிப். இன்டெலின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ராசசர்தான் அதில் உட்காரும், விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தை இதில் போட வைப்பது அநியாயம்.

கொஞ்சம் கூடப் போட்டு எச்610 சிப்செட் போர்டு வாங்குங்கள், இன்டெலுக்குப் பதில் ஏஎம்டி ப்ராசசர் என்றால் ஏ520. எச்610-இல் டிடிஆர்4 ராம் (நினைவகம்) போடும் போர்டு வேறு, டிடிஆர்5 போடும் போர்டு வேறு, ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. எச்610 போர்டில் ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டில் பின் (மெல்லிய ஊசி) வளைந்திருந்தால் வாரண்டி கிடைப்பது கஷ்டம், அதனால் கடையிலேயே மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். இன்டெலின் 14-ஆம் தலைமுறை ப்ராசசர் போடுவதானால் பயாஸ் (போர்டைத் துவக்கும் மென்பொருள்) புதுப்பித்த போர்டா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் திரையில் எதுவுமே வராமல் போகலாம். அப்புறம் மாட்டும்போது, போர்டின் துளை இல்லாத இடத்தில் கேபினெட் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகத் தூண்) இருந்தால் ஷார்ட் ஆகிவிடும், ப்ராசசருக்கான தனி பவர் கேபிளையும் பலர் மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

கடைக்காரர்கள் பில்லில் சிப்செட் பெயரையும் வாரண்டி காலத்தையும் கட்டாயம் எழுதித் தர வேண்டும்.

– ஒரு வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்