குட்டையில் கரையேற ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாய்க்கு நீச்சல் பிறவியிலேயே வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதை நம்பித்தான் இருந்தேன். எங்கள் நாய் மணி, சிப்பிப்பாறை என்ற நாட்டு இனத்தின் கலப்பு. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தின் (பி.ஏ.பி.) கிளை வாய்க்காலில் தண்ணீர் விட்டால் போதும், அக்கரைக்கு நீந்திப் போய் உடம்பை உதறிக்கொண்டு நிற்கும். படிக்கட்டு உள்ள எங்கள் பழைய கிணற்றில் ஒருமுறை விழுந்தபோதும் தானே ஏறி வந்துவிட்டது.

அந்த மணிதான் போன ஐப்பசியில் எங்கள் பண்ணைக்குட்டையில் செத்துக் கிடந்தது. சொட்டுநீர்ப் பாசனத்துக்காக 500 மைக்ரான் கனமுள்ள கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டை. ராத்திரி தண்ணீர் குடிக்க இறங்கியிருக்க வேண்டும். காலையில் மோட்டார் போடப் போன என் வீட்டுக்காரர்தான் பார்த்தார். ஷீட்டில் படிந்திருந்த பாசியில் நாலு கரையிலும் நகக்கீறல். சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமும் ஏறப் பார்த்திருக்கிறது. நீந்தத் தெரியாமல் அது சாகவில்லை. கால் ஊன்ற ஒரு பிடி இல்லாமல், களைத்துப்போய்ச் செத்தது. அந்தக் கீறல்கள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன.

எல்லா நாயும் மணி மாதிரி நீந்துவதும் இல்லை. பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் மூச்சுவிட மூக்கை மேலே தூக்கினால் பின்பக்கம் அமிழ்ந்துவிடும். லீவுக்குத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் விளையாட்டுக்காகக்கூட அவற்றைத் தண்ணீரில் தூக்கிப் போடாதீர்கள்.

நாய் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்கவும் வேண்டாம். பயந்த நாய் நம் மேலேயே ஏறி நம்மையும் அமுக்கிவிடும். தீயணைப்புத் துறையின் 101-ஐக் கூப்பிடுங்கள். பிழைத்து வந்த நாய் தெளிவாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறும்.

மணி போன பிறகு பழைய டயர்களைக் கயிற்றில் ஏணி மாதிரி கட்டி, கரையில் கல்தூண் நட்டு, இரண்டு பக்கம் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறோம். செலவு என்று பார்த்தால் கயிறு மட்டும்தான். போன மாதம் பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்குட்டி ஒன்று உள்ளே விழுந்து, அதைப் பிடித்துத்தான் மேலே வந்தது.

மானியத்தில் குட்டை வெட்டும்போதே, சுற்றிலும் வேலியும் ஏறிவர இப்படி ஒரு வழியும் இருந்தால்தான் பணம் என்று அரசு விதி வைக்க வேண்டும். அந்தக் கரைகளில்தான் எங்கள் பேரப்பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

ஒரு வாசகி,
குடிமங்கலம், திருப்பூர் மாவட்டம்.