மைப்பேனாவில் தமிழ் எழுதத் தொடங்குவோருக்குத் தமிழிலேயே வழிகாட்டல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுவயதைக் கடந்தபின் மைப்பேனாவைக் கையில் எடுத்து, எழுதுவதையே ஓர் இன்பமாக உணரத் தொடங்கியிருப்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். சிங்கப்பூரின் பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் உள்ள எழுதுபொருள் கடைகளிலும் பெரிய புத்தகக் கடைகளின் பேனாப் பிரிவுகளிலும் வார இறுதியில் சற்று நேரம் நின்றால், மைப்புட்டிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்க்கும் இளையர்களைக் காணலாம். அவர்களுள் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால், புதிதாகத் தொடங்குபவருக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஆங்கில எழுத்தையோ சீன எழுத்தையோ மனத்தில் வைத்துச் சொல்லப்படுவதாகவே இருக்கிறது. தமிழ் எழுதுபவருக்கு எந்த முள் (நிப்) பொருந்தும், இந்த ஊரின் தட்பவெப்பத்தில் எந்தத் தாள் தாங்கும் என்பதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொல்வார் குறைவு. அந்தக் குறை நீங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் விலையைப் பற்றிய அச்சம் போக வேண்டும். மைப்பேனா என்றதும் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைத்திருக்கும் தங்க முள் பேனாக்களே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. 14 காரட், 18 காரட் தங்க முள் அழகானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொடங்குவோருக்கு அது தேவையே இல்லை. எஃகு முள்ளானாலும் தங்க முள்ளானாலும், பொதுவாகத் தாளைத் தொடுவது நுனியில் பற்றவைத்திருக்கும் கடினமான உலோகக் கலவையின் சிறு மணிதான். ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனத்தின் பிரெப்பி பேனா பத்து வெள்ளிக்குள் கிடைக்கிறது. பைலட் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த காக்குனோ பேனாவின் முள்ளில் சிரித்த முகம் ஒன்று பொறிக்கப்பட்டிருப்பதால், முகம் மேலே தெரியும்படி பிடித்தால் முள் சரியாக இருக்கிறது என்பதைச் சிறு பிள்ளையும் அறிந்துகொள்ளும். 1980-இல் ஜெர்மனியின் லாமி நிறுவனம் பள்ளி மாணவர்களை மனத்தில் கொண்டு வெளியிட்ட சஃபாரி பேனாவின் கழுத்து, விரல்கள் பதிய வேண்டிய இடங்களில் தட்டையாக அமைக்கப்பட்டிருக்கிறது. நம் பெரியவர்கள் ஊருக்குப் போகும்போது உறவினர்களுக்கென்று பெட்டியில் அடுக்கிக்கொண்டு போன ஷாங்ஹாய் ஹீரோ பேனாவும், பொன்னிற மூடியோடு இன்றும் விற்பனைக்கு இருக்கிறது. இவற்றுள் எதைக் கொண்டு தொடங்கினாலும் குறையில்லை.

இன்பம் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்க, பேனா வேலை செய்யும் விதத்தைச் சிறிது சொல்ல வேண்டும். பால்பாயின்ட் பேனாவில் உள்ள மை எண்ணெய்ப் பசையுள்ள குழம்பு. அதன் நுனியில் உள்ள குண்டு உருள வேண்டுமானால் நாம் அழுத்தியே ஆக வேண்டும். மைப்பேனாவிலோ, நீர்த்த மையானது முள்ளின் நடுவே ஓடும் மெல்லிய பிளவில் தானாகவே இறங்கி நிற்கிறது. தாள் பட்ட கணத்தில் தாள் அதை இழுத்துக்கொள்கிறது. முள்ளுக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்பு நாக்கைக் கழற்றிப் பார்த்தால் அதில் மயிரிழை போன்ற வாய்க்கால்கள் தெரியும். மை இறங்க இறங்க அதற்கு ஈடான காற்று உள்ளே ஏற வேண்டும். இல்லையென்றால் ஓட்டம் நின்றுவிடும். இந்த இரண்டையும் ஒரே நாக்கில் ஒழுங்குபடுத்தும் அமைப்புக்குத்தான் நியூயார்க்கின் லூயிஸ் வாட்டர்மன் 1884-இல் காப்புரிமை பெற்றார். இதனால் எழுதும் கைக்கு அழுத்த வேண்டிய தேவை அறவே நீங்குகிறது. பேனாவின் எடையே போதும். பால்பாயின்டில் எழுதும்போது ஆள்காட்டி விரலின் நகம் வெளுத்துப்போவதைக் கவனித்திருப்பீர்கள். மைப்பேனாவில் அந்த நகம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். இரண்டு பக்கம் எழுதி முடித்த பின்னும் கை தளர்வாக இருப்பதுதான் தொடங்குபவர் அடையும் முதல் வியப்பு.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். கடைக்காரர்கள் தொடங்குவோருக்கு நடுத்தர முள்ளை எடுத்துக் கொடுப்பது வழக்கம். அது வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது உண்மையே. ஆனால் தமிழில் ‘னை’, ‘ணை’, ‘லை’ என்று எழுதிப் பாருங்கள். ஐகாரக் கொம்பில் உள்ள இரண்டு சிறு சுழிகளும் நடுத்தர முள்ளில் மை நிரம்பி மூடிக்கொள்கின்றன. ‘ண’ எது, ‘ன’ எது என்று படிப்பவர் தடுமாற வேண்டியிருக்கிறது. மெல்லிய முள், அதிலும் ஜப்பானிய மெல்லிய முள், இந்தச் சுழிகளைத் திறந்தே வைக்கிறது. ஒரே பெயரில் விற்றாலும் ஜப்பானிய முள் ஜெர்மானிய முள்ளைவிடப் பொதுவாக ஒரு படி மெல்லியதாக இருக்கும் என்பதையும் தொடங்குவோர் அறிந்திருத்தல் நல்லது. பிரெப்பியில் 0.3, 0.5 மில்லிமீட்டர் என்று அளவே குறிப்பிடப்பட்டிருப்பதால் குழப்பமில்லை. பயிற்சிப் புத்தகத்தின் கோடுகளுக்கிடையே தமிழ் எழுத 0.3 சாலப் பொருந்தும். தலைப்புகளுக்கும் வாழ்த்து அட்டைகளுக்கும் நடுத்தர முள்ளை வைத்துக்கொள்ளலாம். அப்போது ‘ழ’வின் கீழ்வளைவு தரும் நிறைவு தனியானது.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தாக எழுதுபவர் ஒரு சொல் முடியும்வரை பேனாவைத் தூக்குவதில்லை. தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் தூக்கி வைக்கிறோம். மெய்யெழுத்தென்றால் புள்ளிக்காக மறுபடியும் தூக்குகிறோம். ஆகவே முதல் தொடுதலில் மை வராமல் தயங்கும் பேனா, ஆங்கிலம் எழுதுபவருக்குச் சிறு குறை, தமிழ் எழுதுபவருக்கோ பெருந்தொல்லை. பேனா வாங்கும்போது வளைகோடுகளைக் கிறுக்கிப் பார்ப்பதைவிட ‘கற்க கசடற’ என்று நான்கு முறை எழுதிப் பார்ப்பதே சரியான சோதனை என்பது என் கருத்து. புள்ளியைக் குத்த வேண்டாம், முள் பட்டால் போதும். தாளில் மிகுந்த ஈரம் தங்கும் இடமும் அந்தப் புள்ளிதான். பக்கத்தை அவசரமாகத் திருப்பினால் முதலில் இழுபடுவதும் அதுவே. ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் என்பார்கள். இன்று நாம் புள்ளி வைக்கிறோம், அது காய்வதற்குச் சற்றே காத்திருக்கவும் பழகிக்கொள்கிறோம்.

காய்வது என்றதும் நம் ஊரின் ஈரப்பதம் நினைவுக்கு வருகிறது. ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதத்தில், திறந்து வைத்த தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துபோகிறது. அதில் எழுதினால் கோட்டின் ஓரங்களில் மை பிசிர்விட்டுப் பரவுகிறது. அதே பேனாவைக் குளிரூட்டிய அலுவலகத்தில் மூடாமல் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தால் முள் உலர்ந்துகிடக்கிறது. ஒரே நாளில் இந்த இரண்டு காற்றுகளிலும் வாழ்கிறோம் என்பதால், மூடி இறுக்கமாக அமைந்த பேனாவும், எழுதாத நேரத்தில் உறைக்குள் வைத்த தாளும் இங்கே மிகவும் தேவை. தாளின் கனத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள நகலெடுக்கும் தாளில் பரவும் மை, 52 கிராமே உள்ள தொமோயே ரிவர் என்னும் ஜப்பானியத் தாளில் பரவாமல் மேலேயே நிற்கிறது. தாளைச் செய்யும்போது மை ஊறாதபடி சேர்க்கும் பசைப்பொருளே இதற்குக் காரணம். அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை, சில வெள்ளிக்குக் கிடைக்கும் கோக்குயோ கேம்பஸ் குறிப்பேடே தொடங்குவோருக்குத் தாராளமாகப் போதும்.

மையைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். முதல் புட்டியாகப் பெலிக்கன் 4001, பார்க்கர் குவிங்க் போன்ற எளிய நீல மையை வாங்கலாம். 50 மில்லிலிட்டர் புட்டி ஒன்று, மையை உறிஞ்சும் சிறு குழலை ஐம்பது முறைக்குக் குறையாமல் நிரப்பும். தீர்ந்ததும் வீசியெறியும் பிளாஸ்டிக் பேனாக்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைகிறது. ஓவியத்துக்கான இந்தியன் இங்க்கை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது, அது நாக்கின் வாய்க்கால்களில் உறைந்து பேனாவையே பாழாக்கிவிடும். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் ஒன்று செய்து பாருங்கள்: வெள்ளை டிஷ்யூ தாளில் கறுப்பு மை ஒரு சொட்டு விட்டு, அதன் நடுவே ஒரு துளி நீரை மெல்ல விடுங்கள். பல கறுப்பு மைகள் நம் கண்ணெதிரிலேயே பிரிந்து, ஓரத்தில் நீலமும் ஊதாவும், சிலவற்றில் மஞ்சளும் வளையம் வளையமாக விரியும். கறுப்பு என்று நாம் எழுதிக்கொண்டிருந்தது எத்தனை நிறங்களின் கூட்டு என்று அப்போதுதான் தெரியும்.

என்னை மிகவும் ஈர்த்தது இரும்பு மை எனப்படும் பழைய வகையாகும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஆவணங்களெல்லாம் இதில்தான் எழுதப்பட்டன. இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கும் இதையே பயன்படுத்தினார்கள். இதன் மூலப்பொருள் என்ன என்று தேடியபோது, அது நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய் என்று அறிந்து மகிழ்ந்துபோனேன். சிராங்கூன் சாலையின் நாட்டு மருந்துக் கடைகளில் வசம்போடும் கடுக்காயோடும் ஒரே தட்டில் கிடக்கும் அதே மாசிக்காய்தான். ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடும்போது உண்டாகும் புடைப்பு அது. அதில் நிறைந்துள்ள துவர்ப்புச் சத்தும், சித்த மருத்துவத்தில் அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பும் சேரும்போது மை பிறக்கிறது. கடுக்காயிலும் அதே துவர்ப்பு மிகுந்திருப்பதால் நம் முன்னோர் கடுக்காய் மை காய்ச்சினார்கள். இன்று பிளாட்டினம், பெலிக்கன் ஆகிய இரு நிறுவனங்களின் கருநீல மைகளும் இந்த வகையின் மென்மையான வடிவங்களே. எழுதும்போது தெளிந்த நீலமாக இருக்கும் வரி, காற்றுப் பட்டு, மறுநாள் காலை பார்க்கும்போது சாம்பல் படிந்த கறுப்பாக மாறியிருக்கும். அதன்பின் தண்ணீர் பட்டாலும் எழுத்து அழியாமல் நிற்கும். இந்த மையைப் பேனாவுக்குள் காயவிடாமல், சில வாரங்களுக்கு ஒருமுறை குளிர்ந்த நீரால் அலசிவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

பேனாவின் உடலுக்கும் நமக்கும் உள்ள உறவையும் சொல்லாமல் விட மனமில்லை. பழைய பேனாக்கள் பலவும் எபோனைட் என்னும் கெட்டி ரப்பரால் ஆனவை. இயற்கை ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் கிடைப்பது அது. 1877-இல் இங்கே வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளும், தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி வகுத்த பால்வெட்டும் முறையும் மலாயாவின் தோட்டங்களுக்கு அடித்தளமாயின என்பதும், அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வெட்டியவர்களுள் பெரும்பாலோர் நம்மவர் என்பதும் வாசகர்கள் அறிந்தவை. இன்றும் தமிழ்நாட்டின் திருவள்ளூரில் ரங்கா பேனாக்களை எபோனைட் தண்டிலிருந்து கைக்கடைசலில் ஒவ்வொன்றாகக் கடைந்தெடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கைப் போலச் சில்லென்று இல்லாமல், சிறிது நேரத்தில் கையின் சூட்டை அது வாங்கிக்கொள்கிறது. சென்னைக்குச் செல்வோர் தேடி வாங்கலாம். திரும்பி வரும்போது விமானத்தில் பேனாவை முழுவதும் நிரப்பியோ முழுவதும் காலி செய்தோ, முள் மேல்நோக்கி இருக்குமாறு வைத்துக்கொள்வது நல்லது. மேலே காற்றழுத்தம் குறையும்போது பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளிவிடும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் மின்னிலக்கக் கற்றல் சாதனம் இருக்கும் இந்நாளில், தமிழைக் கையால் எழுதும் வாய்ப்பு வகுப்பறைக்கு வெளியே வெகுவாகச் சுருங்கிவிட்டது. எழுதச் சொல்லி வற்புறுத்துவதைவிட, எழுதும் ஆசையைத் தூண்டும் ஒரு கருவியைக் கையில் கொடுப்பது பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன். சமூக மன்றங்களில் சீனத் தூரிகை எழுத்து வகுப்புகள் நடைபெறுவதைப் பார்க்கிறோம். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் நடைபெறும் தமிழ்மொழி விழாவில், வெவ்வேறு அளவு முள் பொருத்திய சில பேனாக்களையும் நான்கைந்து மைகளையும் நல்ல தாளையும் ஒரு மேசையில் வைத்து, வருவோர் தம் பெயரையோ ஒரு குறளையோ தமிழில் எழுதிப் பார்க்க வழிசெய்தால் செலவும் பெரிதாகாது. வளர்தமிழ் இயக்கமும், நூலகங்களின் தமிழ்ச் சேவைப் பிரிவும், உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். பேனா விற்கும் கடைக்காரர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் ஒன்றே: மாதிரித் தாள்களில் ஒவ்வொரு முள்ளின் கோட்டையும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதிக் காட்டுவதோடு, தமிழிலும் ஒரு வரி எழுதி வையுங்கள், எழுதித் தர நம்மிடையே ஆள் உண்டு.

இத்தகைய தமிழ்க் கையெழுத்து நிகழ்ச்சி எங்கேனும் ஏற்கெனவே நடைபெற்று வருமாயின், அதன் நாளையும் இடத்தையும் தங்கள் நாளிதழில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஈசூன்