வண்டு நசுங்கி வரும் தோல் எரிவு பற்றித் தமிழிலும் அறிவித்தல் தருமாறு கோரும் மனு

அனுப்புநர்:
மாலை வகுப்பு ஆசிரியையும் பிள்ளைகளின் பெற்றோரும்,
மட்டக்குளி, கொழும்பு 15.

பெறுநர்:
பிரதம சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
பொதுச் சுகாதாரத் திணைக்களம்,
கொழும்பு மாநகர சபை, கொழும்பு 07.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

என் வீட்டு முன் விறாந்தையில் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். களனி கங்கை பக்கத்தில்தான். ஒக்டோபர் மழை விட்ட ஓர் இரவு, புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சிகள். தரம் 6 படிக்கும் பிள்ளையின் கழுத்தில் எறும்பு மாதிரி ஒன்று ஊர்ந்தது. நான்தான் அதை விரலால் நசுக்கித் துடைத்துவிட்டேன். அந்தக் கையாலேயே என் கண்ணையும் கசக்கியிருக்கிறேன்.

அன்றிரவு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலைக்குப் பிறகுதான் எரியத் தொடங்கியது. அதற்கடுத்த நாள் காலை பிள்ளையின் கழுத்திலிருந்து காதடி வரை பிரம்பால் அடித்த தழும்பு போல ஒரு சிவந்த கோடு, அதன்மேல் சிறுசிறு கொப்புளங்கள். எனக்கு இமை வீங்கிக் கண் திறக்க முடியவில்லை.

பிறகு நடந்ததுதான் எங்களை இந்த மனு எழுத வைத்தது. ஒரு பாமசியில் அக்கி என்று சொல்லிக் குளிசை கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் சிலந்தி மூத்திரம் பட்டிருக்கும் என்று வேப்பிலை அரைத்துப் பூசினார்கள், புண் இன்னும் உரிந்தது. பள்ளிக்கூடத்தில் தொற்றுநோய் என்று பயந்து பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரப் பாடம் போனது, பக்கத்து வாங்கில் இருந்த சிநேகிதிகள் தள்ளி இருந்ததை அவள் சொல்லிச் சொல்லி அழுதாள். கடைசியில் தோல் வைத்தியர் ஒருவர் கழுத்தில் இருந்த அந்தச் சிவந்த கோட்டைப் பார்த்துவிட்டு, “இரவில் லைட்டுக்குக் கீழே இருந்தீங்களா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். அப்போதுதான் விஷயம் விளங்கியது.

அது பெடரஸ் என்ற வண்டு. நீளம் ஒரு சென்ரிமீற்றருக்குள்தான். தலை கறுப்பு, நடு உடல் செம்மஞ்சள், குட்டைச் சிறகு நீலப்பச்சை, வாலின் நுனி மறுபடி கறுப்பு. கடிக்காது, கொட்டாது. அதன் உடல் நீரில் பெடரின் என்ற நச்சு இருக்கிறது, நசுக்கினால் அது தோலில் பட்டு ஒன்றிரண்டு நாளில் புண்ணாகிறது. முழங்கை மடிப்பில் பட்டால், மடித்த இடத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் புண் வரும். செத்துக் காய்ந்த வண்டிலும் நச்சு இருப்பதால் அதைக் கையால் பொறுக்கவும் கூடாது.

மேலில் உட்கார்ந்தால் ஊதிவிட வேண்டும், இல்லையென்றால் கடதாசி ஒன்றில் ஏறவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கையைக் கழுவும் வரை கண்ணைத் தொடக்கூடாது. இவ்வளவுதான். இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் நோயும் இல்லை. இந்த நாலு வரி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இது வந்திருக்காது.

எனவே நாங்கள் முதலில் கேட்பது, வண்டின் நிறப்படத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க அறிவித்தல். டெங்கு பார்க்க வீடு வீடாக வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அதைக் கையோடு கொடுத்தால், நுளம்பைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். எங்கள் பகுதியில் வயதானவர்கள் பலர் வாசிக்கச் சிரமப்படுவார்கள், அதனால் படம் பெரிதாக இருக்கட்டும்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். இந்தப் புண்ணோடு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று உங்கள் கையெழுத்தோடு வந்தால்தான் அதிபர்கள் நம்புவார்கள். நாங்கள் சொன்னால் எடுபடாது, சொல்லிப் பார்த்துவிட்டோம்.

மூன்றாவது, கங்கையோரத் தெருவிளக்குகள். வெள்ளை வெளிச்சம் நேராக வீட்டு ஜன்னல்களில் விழுகிறது, வண்டு அந்த வெளிச்சத்துக்குத்தான் வருகிறது. விளக்குகளுக்கு மறைப்புப் போடவோ மஞ்சள் விளக்காக மாற்றவோ உரிய பிரிவுக்கு நீங்கள் பரிந்துரைக்க வேண்டும். மழைக்கு முன் கரையோரப் புல்லையும் ஒருமுறை வெட்டினால் நல்லது.

பூச்சிமருந்துப் புகை அடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. இந்த வண்டு வயல்களில் நெற்பயிரை அழிக்கும் தத்திப் பூச்சிகளைத் தின்கிறது, அதை அழிக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு இல்லை. வீட்டுக்குள் வராமல் நாங்களே ஜன்னலுக்கு வலை அடிக்கத் தொடங்கிவிட்டோம்.

பிள்ளையின் கழுத்தில் இன்னும் கறுத்த தடம் இருக்கிறது. மெல்ல மறையும் என்றார் வைத்தியர். பெற்றோரின் சம்மதத்தோடு முகம் தெரியாத புகைப்படங்களையும், மூடிய போத்தலில் இரண்டு வண்டுகளையும் இத்துடன் தருகிறோம். அறிவித்தலின் தமிழ் வாசகத்தை எழுதவும், அச்சிட்டதை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கவும் எங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். எந்த நாள் வரச் சொன்னாலும் வருவோம்.

இங்ஙனம்,
மாலை வகுப்பு ஆசிரியையும் பெற்றோரும்,
மட்டக்குளி.