பாதம் கழுவும் நாளுக்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, ஆலயத்தில் நடக்கும் திருப்பலி வழிபாட்டில் பன்னிரண்டு பேர் வரிசையாக அமர, குருவானவர் அவர்கள் பாதங்களைக் கழுவித் துடைப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அதன் பொருள் எனக்குப் பிடிபட்டது என் மாமியாரின் படுக்கையருகில்தான்.

பக்கவாதத்தில் அத்தை நான்கு வருடம் படுக்கையில் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இரவிலும் அலாரம் வைத்து எழுந்து, புரட்டி, துணி நனைந்திருந்தால் மாற்றிவிட்டுப் படுப்பேன். கண் அயரும்போது மறுபடி அலாரம் அடிக்கும். எங்கள் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் குழுவான பங்கிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். தலைமாட்டில் நின்று ஜெபமாலை சொன்னார்கள். அந்த ஜெபங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அத்தைக்கு அவை பெரிய ஆறுதல். ஆனால் நனைந்த துணியை அவர்கள் போன பிறகு நான்தான் மாற்ற வேண்டியிருந்தது.

தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு பெண்மணி ஒரு செவ்வாய் மதியம் வந்தார். "அக்கா, நீங்க போய் ரெண்டு மணி நேரம் தூங்குங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றார். மலம் துடைக்கும் வேலையை வெளியாளிடம் எப்படி விடுவது என்று தயங்கினேன். அவர் அதற்குள் கை கழுவிக்கொண்டு வந்து கட்டிலருகில் நின்றார். நான் எழுந்து வந்து பார்த்தபோது, அத்தையின் கால்விரல் இடுக்குகளில் ஈரமில்லாமல் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் ஏறக்குறைய மூன்று வருடம், எல்லாச் செவ்வாயும் வந்தார். தைக்காத நேரத்துக்கு அவருக்குக் கூலி கிடையாது. பண்டிகை நெருங்கித் துணிகள் குவிந்திருந்த வாரங்களிலும் வந்தார். இரவில் விழித்து அதை ஈடுகட்டினார் என்று பிறகுதான் தெரிந்தது.

யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தை இப்போது வாசித்தால் எனக்கு அவர் முகம்தான் வருகிறது. இயேசு பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். அந்தக் காலத்தில் அது வீட்டு அடிமையின் வேலை. சீடர்களின் கால்களில் தெருப் புழுதி இருந்தது. நாமோ ஆலயத்துக்கு வருமுன்பே காலைச் சுத்தமாகக் கழுவிவிடுகிறோம்!

1873-இல் ஹவாயில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த மொலோக்காய் தீவுக்குப் போன குருவானவர் புனித தமியான், தொழுநோயாளிகளின் புண்களுக்குக் கட்டுப் போட்டார், அவர்களுக்குச் சவப்பெட்டியும் தம் கையால் செய்தார். அதே நோயால் 1889-இல் இறந்தார். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. சரி, அது நம்மால் முடியாது என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் முடியாதா?

ஒவ்வொரு பங்கிலும் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளைக் குறித்து, அங்கே முறை வைத்துப் போக ஆட்களைச் சேர்க்கலாம். நோயாளியை எப்படிப் புரட்டுவது, தோல் சிவந்திருந்தால் என்ன செய்வது என்று பங்கில் உள்ள செவிலியர் ஒரு மாலையில் சொல்லிக் கொடுத்துவிடுவார். பெரிய வியாழனுக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

அத்தை போய் ஒரு வருடம் ஆகிறது. எங்கள் குருவானவரிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டேன், செவ்வாய்க்கிழமை மதியம் 2 முதல் 4 வரை என்று எழுதி.

இப்படிக்கு,
ஒரு வாசகி